ரெய்டுக்கு டிஸ்க் வாங்குகிறவர்களே, உஷார்! என் 68,000 ரூபாய் போய்விட்டது

இன்று காலைதான் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

கோவையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சர்வரில் இடம் தீர்ந்துபோய், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் 6 டிபி டிஸ்க் நாலு வாங்கினேன், மொத்தம் 68,000 ரூபாய். ரெய்டு 5-இல், அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாதபடி பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறையில் போடப்போகிறேன், டேட்டா எழுதும் டிராக்குகள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் டிஸ்க்தான் வேண்டும், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் எஸ்எம்ஆர் வேண்டவே வேண்டாம் என்று ரெண்டு தடவை சொன்னேன். "என் தங்கச்சி கல்யாண வீடியோவே இந்த டிஸ்க்லதான் இருக்கு, நம்பி எடுத்துட்டுப் போங்ணா" என்றார். அதில் விழுந்தேன். டப்பாவைத் திருப்பி மாடல் நம்பரைக்கூடப் பார்க்கவில்லை. பில்லிலும் "ஹார்டு டிஸ்க் 6 டிபி - 4" என்று மட்டும்தான் இருந்தது.

ஃபுட்டேஜ் ஏற்ற ஆரம்பித்தால் 110 எம்பி வேகத்தில் போகும், கொஞ்ச நேரத்தில் 8-க்கு இறங்கி, அப்புறம் அப்படியே நின்றுவிடும். கேபிள் மாற்றினேன், சுவிட்ச் போர்ட் மாற்றினேன், மூணு ராத்திரி தூக்கம் போச்சு. டிஸ்க் எவ்வளவு பிஸி என்று காட்டும் ஐயோஸ்டாட் கமாண்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: நாலு டிஸ்க்கும் 100 சதவீதம் பிஸி, ஒவ்வொரு ரைட்டும் 2,000 மில்லிசெகண்டுக்கு மேல் காத்துக்கிடக்கிறது. ஒரு டிஸ்க் மட்டும் அப்படி என்றால் அது சாகப்போகிறது என்று மாற்றிவிடலாம். நாலும் ஒரே மாதிரி என்றால்? டிஸ்க்கின் விவரம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டில் மாடல் நம்பரை எடுத்துக் கம்பெனி டேட்டாஷீட்டில் தேடினேன். எஸ்எம்ஆர்!

ஓட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறிக்கிடக்கிற மாதிரி இதில் டிராக்கின் மேல் டிராக் ஏறிக்கிடக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். ரெய்டு 5-இல் ஒரு சின்ன ரைட்டுக்கே பழைய டேட்டா, பழைய பாரிட்டி (டிஸ்க் செத்தால் டேட்டாவை மீட்க வைத்திருக்கும் கணக்கு) ரெண்டையும் படித்து, ரெண்டையும் புதிதாக எழுத வேண்டும். ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2020-இல் பெரிய டிஸ்க் கம்பெனிகளே சில மாடல்களில் இதைச் சொல்லாமல் விற்றது வெளியே வந்து நாறியது, இவருக்குத் தெரியாதா?

முதல் போனில் "கேபிள் பாருங்ணா". அடுத்ததில் "ரெய்டு 5-ன்னாலே ஸ்லோதாங்ணா". ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. நேரில் போனால் என் முகத்தைப் பார்க்காமல் வேறொருவருக்கு பில் போட்டுக்கொண்டே, "சீல் பிரிச்சதை எடுக்க முடியாது. டிஸ்க் ஓடுதுல்ல?" என்கிறார். 68,000 ரூபாய் கொடுத்தது சும்மா சுற்றுவதற்கா?

வாங்குகிறவர்கள் பில்லில் முழு மாடல் நம்பரையும் "சிஎம்ஆர்" என்ற வார்த்தையையும் எழுதி வாங்குங்கள். சீல் பிரிக்கும் முன் அந்த நம்பரை டேட்டாஷீட்டில் பாருங்கள். பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள், நான் அழிக்காததால்தான் மூணு கல்யாண வீடியோ தப்பியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு மெசேஜ் செய்யுங்கள்.