மூன்றாம் எண் பார்பி என்று சொல்லி 640 டாலரை வாங்கிக்கொண்டார்கள்: பழைய பொம்மை வாங்குபவர்கள் கவனத்துக்கு

640 டாலர். போய்விட்டது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. இந்த முடிவை மறுபரிசீலனை செய்ய இயலாது" என்று நேற்று மாலை மின்னஞ்சல் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறிய பிறகு எழுதினால் பாதியை நாகரிகம் கருதி விழுங்கிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். இங்கே நியூ ஜெர்சியிலும், கனடாவிலும், சிங்கப்பூரிலும் பழைய பார்பி பொம்மைகளை வாங்கிச் சீர்செய்கிற நம் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் காசாவது தப்பட்டும்.

விற்றது, பழைய பொருள்களை ஏலத்தில் விடும் ஒரு பெரிய இணையச் சந்தையில் கடை வைத்திருக்கும் பெண்மணி. சந்தையின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை எழுதவும் முடியாது.

இந்தப் பொழுதுபோக்கில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மேட்டல் நிறுவனம் பார்பியை 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபோது விலை 3 டாலர். குதிரைவால் கொண்டை போட்ட அந்த ஆரம்பகாலப் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வைத்துத்தான் பேசுவார்கள். முதல் எண்ணுக்குக் கண்மணியைச் சுற்றியுள்ள வளையம் வெள்ளை, புருவம் கூர்மையாக வளைந்திருக்கும், தாங்கியில் செருகி நிறுத்துவதற்காக உள்ளங்காலில் செம்புக் குழாய் பதித்த துளை இருக்கும். இரண்டாவதில் துளை போய்விட்டது, முகம் அதே முகம். 1960இல் வந்த மூன்றாம் எண்ணில்தான் கண் நீலமானது, புருவம் மென்மையானது. இந்த மூன்று எண்களின் வினைலும் (பொம்மையை வார்த்த பிளாஸ்டிக்) காலப்போக்கில் வெளிறித் தந்தம் போலாகிவிடும். நான்காம் எண்ணிலிருந்து வினைலை மாற்றியதால் சதை நிறம் நிற்கிறது. 1961இல் வந்த ஐந்தாம் எண்ணில் உடம்பை உள்ளே வெறும் கூடாக்கிவிட்டார்கள், எடை குறைந்துவிட்டது. மூன்றுக்கும் ஐந்துக்கும் சந்தையில் விலையில் பெரிய வித்தியாசம். ஐந்தாம் எண் ஏராளமாகக் கிடைக்கிறது. மூன்றாம் எண் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

நான் 1990களின் மலிவுப் பொம்மைகளை வாங்கி, அசிட்டோனால் முகத்தைத் துடைத்து, புதுக் கண்ணும் உதடும் வரைந்து, தலைக்கு முடி நட்டுக் கேட்பவர்களுக்குச் செய்து கொடுப்பவள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்கிற வேலை. ஒரு தலைக்கு முடி நடுவதென்றால் ஊசியால் துளை துளையாகக் குத்தி இழை இழையாக இறக்க வேண்டும், கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்தக் காசைத் தனியாக எடுத்து வைத்துச் சேர்த்ததுதான் இந்த 640 டாலர். வீட்டுச் செலவில் ஒரு காசு தொடவில்லை. யாரும் கை படுத்தாத ஒரு மூன்றாம் எண், ஜப்பானில் அன்றைக்கு வரைந்த அதே முகத்தோடு, என் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன், எழுத்தில் கேட்டேன். முகத்தில் மறுவண்ணம் உண்டா? "இல்லை, தொழிற்சாலை வண்ணம்." புதிதாக முடி நட்டிருக்கிறதா? "ஒரு இழைகூட இல்லை." உடம்பு கனமானதா, உள்ளே வெறும் கூடா? "கனம். கையில் எடுத்தாலே தெரியும்." பச்சைக் காது உண்டா? இந்தக் கேள்விக்கு அவர் எழுதிய பதிலில்தான் என் மனம் முழுதாகச் சாய்ந்தது.

பச்சைக் காது என்பது இந்தப் பொம்மைகளின் தீராத வியாதி. காதணியின் செம்பு கலந்த கம்பி வினைலோடு வினைபுரிந்து துளையைச் சுற்றிப் பச்சை பிடித்துவிடும். விட்டால் கன்னம்வரை பரவும். அந்தப் பெண்மணி எழுதினார்: "இது என் அம்மாவின் பொம்மை. 1960 கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கிடைத்தது. காதணியை அப்படியே விட்டால் பச்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா அன்றைக்கே கழற்றி ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தார். தீப்பெட்டியையும் சேர்த்து அனுப்புகிறேன்." கூடவே மூன்று படங்கள். முகம், தீப்பெட்டி, வலது பிட்டத்திலுள்ள முத்திரை. முத்திரையில் பார்பி என்ற பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று தெளிவாக இருந்தது, ஐந்தாம் எண்ணில் அந்த இடத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்து வந்துவிடும். முத்திரையின் கீழ் விளிம்பில் மெல்லிய கீறல் ஒன்று பிறை போல் ஓடியது. படத்தில் வினைல் வெளிறி இருந்தது. எல்லாம் பொருந்தியது. அம்மா இறந்துவிட்டார், பொம்மையின் அருமை தெரிந்த ஒருவர் கையில் போனால் போதும் என்று வேறு எழுதியிருந்தார். நானும் அம்மாவைப் பற்றி இரண்டு வரி ஆறுதல் எழுதி, 640 டாலரைச் செலுத்தினேன்.

பெட்டியைத் திறந்து பொம்மையைக் கையில் எடுத்த அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. கனமே இல்லை. தக்கை. திருப்பிப் பார்த்தேன். முத்திரையில் வட்டத்துக்குள் ஆர். பிறைக் கீறலைத் தேடினேன், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், இல்லவே இல்லை. படத்தில் இருந்தது வேறு பொம்மையின் பிட்டம். வெளிறித் தெரிந்ததும் விளக்கு வெளிச்சத்தின் வேலை. ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் நல்ல பழுப்புச் சதை நிறம். 1961 வினைல், ஐயமே இல்லை.

முகத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. புற ஊதா டார்ச்சை அடித்தேன். கன்னம் ஒரு விதமாகவும் உதடு, புருவம், இமைக்கோடு மூன்றும் வேறு விதமாகவும் ஒளிர்ந்தன. அத்தனையும் புது அக்ரிலிக் வண்ணம். கை சுத்தமான கைதான், தொழில் தெரிந்த கை, அதுதான் கூடுதல் வேதனை. இடது காதின் பின்புறம் சதை நிறத்தில் சின்னத் திட்டு. நகத்தால் தொட்டதும் செதிலாக உதிர்ந்தது. அடியில் பச்சை, துளையைச் சுற்றி ஒரு பட்டாணி அளவுக்கு. அம்மா கழற்றி வைத்த காதணியாம், தீப்பெட்டியாம்! அந்தத் தீப்பெட்டியும் வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீர்செய்வதை நான் குறை சொல்லவில்லை. நானே அதைத்தானே செய்கிறேன். பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் காதில் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வைத்து, வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் பூசிப் பச்சையை எடுத்தவர்கள் நாம். களிம்பு அதிகமானால் அந்த இடம் வெளுத்துவிடும் என்று பயந்து பயந்து செய்வோம். உதட்டில் போன வண்ணத்தைத் தொட்டுச் சரிசெய்தால் சரிசெய்தோம் என்று சீட்டெழுதி வைப்போம். புது முகம் வரைந்தால் தலையின் பின்புறமோ கழுத்தடியிலோ கையெழுத்துப் போடுவோம். இந்தப் பெண்மணி பச்சைக்கு மருந்து போடவில்லை, மேலே வண்ணத்தை அப்பி அடைத்துவிட்டார். உள்ளே அது பரவிக்கொண்டிருக்கிறது. சீர்செய்ததை மறைத்து விற்பதற்குத் திருட்டு என்றுதான் பெயர். நேர்மையாக வேலை செய்பவர்கள் மேலும் சந்தேகம் விழுவது இவர்களால்தான்.

அன்றிரவே அவருக்கு எழுதினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, "படம் தவறுதலாகச் சேர்ந்திருக்கலாம்" என்று வந்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு பொம்மை என்றீர்களே, இன்னொரு பொம்மையின் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நான் நிபுணர் அல்ல, அம்மா சொன்னதைச் சொன்னேன்" என்றார். கடைசியில், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள்." அதோடு என்னைத் தடை செய்துவிட்டார். அம்மாவைப் பற்றி ஆறுதல் எழுதிய அதே உரையாடல் பெட்டியில் இப்போது எனக்கு ஒரு சொல்கூட எழுத வழியில்லை.

சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். அது இதைவிடக் கேவலம். ஒவ்வொரு முறையும் புதுப் பெயர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. ஒருவர், "பொம்மை உடைந்து வந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் பொருள் நல்ல நிலையில் வந்துசேர்ந்தது என்று பதிவு செய்யட்டுமா?" மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாட்டை இன்னொருவருக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். "இரண்டும் பார்பிதானே, விளம்பரத்திலும் பார்பி என்றுதானே இருக்கிறது?" என்று பதில். போலி நகை வாங்கியவளிடம் இரண்டும் மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று கேட்பது போல இருந்தது.

அதற்கு அடுத்தவர்தான் என்னைத் தீர்த்துக்கட்டினார். மிகவும் பணிவாக, "முடி அசல் இல்லை என்பதற்கு ஆதாரம் அனுப்பினால் உங்கள் பக்கம் முடிவெடுக்கலாம்" என்று எழுதினார். ஆதாரம் தலைக்குள்ளேதான் இருக்கிறது. தலைமுடி உலர்த்தியால் கழுத்தை மெல்ல இளக்கி, வினைல் கிழியாமல் தலையைக் கழற்றினேன். கழுத்துத் துளை வழியாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பின்னந்தலையில் இயந்திரம் தைத்த தையல், ஒரே சீராக. முன்நெற்றிச் சுருளுக்கு நேர் உள்ளே கைமுடிச்சுகள், முடிச்சுகளின் மேல் கட்டியாகப் பசை, தேன் நிறத்தில். அறுபதுகளின் தலைக்குள் பசைக்கு வேலையே இல்லை. முன்முடி முழுக்கப் புதிது. படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் அமைதி. பிறகு வேறொருவர் பதில் எழுதினார்: "வாங்கியவர் பொருளைப் பிரித்து மாற்றியமைத்திருப்பதால் இந்தக் கொள்முதல் பாதுகாப்புத் திட்டத்தில் அடங்காது."

அவர்களே ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் எடுத்ததற்காகவே புகாரைத் தள்ளிவிட்டார்கள். கேட்ட கடிதத்தை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். அதற்கு வந்ததுதான் நேற்றைய மின்னஞ்சல். இரண்டே வரி. 640 டாலருக்கு இரண்டு வரி. ஊரில் அம்மாவிடம் இதை ரூபாயில் கணக்குப் போட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

முத்திரைப் படம் மட்டும் வந்தால் நம்பாதீர்கள். முகமும் முத்திரையும் ஒரே ஓட்டத்தில் தெரிகிற மாதிரி, பொம்மையைக் கையில் பிடித்துத் திருப்பிக் காட்டும் காணொளி கேளுங்கள். சமையலறைத் தராசில் வைத்து எடை காட்டச் சொல்லுங்கள். காதை முன்னும் பின்னும் பகல் வெளிச்சத்தில் கேளுங்கள். அம்மா கதை, பாட்டி கதை எதற்கும் விலை கொடுக்காதீர்கள்.

பெட்டியைப் பிரிப்பதையே காணொளி எடுங்கள். புகார் முடியும்வரை, யார் கேட்டாலும் தலையைக் கழற்றாதீர்கள். நடுவில் இருப்பவர்கள் ஆதாரம் கேட்டால், "பிரித்தால் புகார் செல்லாது என்று ஆகாதே?" என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகு கை வையுங்கள். கார்டில் மட்டும் பணம் செலுத்துங்கள்.

இன்னொன்று, இதுதான் மிக அவசரம். இன்று காலை அதே கடையில் புதிதாக ஒரு பொம்மை ஏலத்துக்கு வந்திருக்கிறது. இரண்டாம் எண்ணாம், இந்த முறை பாட்டியுடையதாம். முத்திரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் விளிம்பில் அதே பிறைக் கீறல். ஞாயிறு இரவு ஏலம் முடிகிறது, ஏற்கெனவே நான்கு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த சேகரிப்பாளர்கள் யாராவது அந்த நான்கு பேரில் இருந்தால் இன்றே சொல்லி விலகச் சொல்லுங்கள்.