வளரும் குட்டிதானே என்று பெரிய ஹார்னஸ் வாங்கிவிடாதீர்கள்

எங்கள் நாய்க்குட்டி மயிலிக்கு நான்கரை மாதம். சிப்பிப்பாறை இனம். தடுப்பூசி எல்லாம் முடிந்து, இனி வெளியே கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, கயிறு மாட்ட நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டையான ஹார்னஸ் வாங்கக் கிளம்பினேன். கழுத்தில் மட்டும் போடும் காலர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். பின்னால் இழுத்தால் காலர் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும், இறுக்கிப் போட்டால் தொண்டையைப் பிடிக்கும்.

மதுரையில் எங்கள் ஏரியாவிலேயே ஒரு பெட் ஷாப். குட்டியையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். கடையில் இருந்தவர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சிப்பிப்பாறைதானேக்கா, மடமடன்னு வளந்துரும். எம் சைஸ் எடுத்துக்கங்க, ஒரு வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார். போட்டுப் பார்க்கட்டுமா தம்பி என்று கேட்டேன். "முடி ஒட்டிக்கும்க்கா, அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். விலை 850 ரூபாய். பில் கேட்டால் மெஷின் ரிப்பேர். சரி என்று விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து கடைசி வரை இறுக்கியும் நெஞ்சுப் பட்டை தொங்கியது. டேப் வைத்து அளந்தேன். மயிலியின் நெஞ்சுச் சுற்றளவு 46 செ.மீ. அந்த ஹார்னஸை எவ்வளவு சுருக்கினாலும் 52-க்குக் கீழே வரவில்லை. அதோடு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் வளையம் பட்டையைப் பிடித்து நிற்கவே இல்லை. சந்தேகப்பட்டு வளையத்தை ஒட்டிப் பட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். தெருமுனை போய்த் திரும்புவதற்குள் கோடு இரண்டு விரல் அளவு நகர்ந்திருந்தது.

அன்றைக்கே கழற்றிப் போட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்ததும் மயிலி மிரண்டு பின்னால் நகர்ந்தாள். முதலில் முன்னங்கால், அப்புறம் தலை. ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டாள். என் கையில் கயிறும் காலி ஹார்னஸும். அவள் மெயின் ரோட்டைப் பார்த்து ஓட்டம். இஸ்திரி வண்டி அண்ணன் குறுக்கே பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து தடவிப் பார்க்கும்போதுதான் அக்குளைக் கவனித்தேன். இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவந்திருந்தது. தொங்கும் பட்டை ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் உரசியிருக்கிறது. மெல்லிய தோலும் குட்டை முடியும் உள்ள நாய் இது, புழுக்கமான ஊர் வேறு. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஹார்னஸையும் வாங்கிப் பார்த்தார். இதில் முன்பட்டை தோளுக்குக் குறுக்கே படுக்கையாகப் போகிறது, காலை முழுசாக நீட்ட விடாது என்றார். மூன்று நாளாக அவள் குட்டிக் குட்டி அடியாக வைத்து நடந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வெளியே வரப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கயிற்றை இழுத்திருக்கிறேன்.

கடைக்குத் திரும்பப் போனேன். "யூஸ் பண்ணிட்டீங்கக்கா, எடுக்க மாட்டோம்" என்று அவ்வளவுதான் பதில். வளையம் வழுக்குவதை அவர் கண் முன்னாலேயே இழுத்துக் காட்டினேன், நாய் இழுத்தால் அப்படித்தான் ஆகும் என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். யுபிஐயில் பணம் கட்டிய விவரம் என்னிடம் இருப்பதால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போனால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சு அகலமான இடத்தைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். அந்த அளவு ஹார்னஸின் குறைந்தபட்ச அளவை ஒட்டி இருந்தால் நல்லது, வளர வளரத் தளர்த்தலாம். முன்பக்கம் ஒய் எழுத்துபோல் நெஞ்செலும்பின் மேல் இறங்கித் தோளை விட்டு விலகிப் போக வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும், மூன்று நுழைந்தால் தளர்வு. அக்குளிலிருந்து பட்டை தள்ளியே இருக்கட்டும். போட்டுவிட்டுக் கடை வாசலில் நாலு எட்டு நடக்க விடுங்கள், கயிற்றை முன்னால் பிடித்து மெதுவாக இழுத்து, பின்னால் உருவிக்கொள்கிறாளா என்று பாருங்கள். போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் போல நெஞ்சு இறங்கி இடுப்பு ஒடுங்கிய நாய்க்கு வயிற்றருகே இன்னொரு பட்டை உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது, எளிதில் உருவ முடியாது. வளரும் வயதில் வாரம் ஒரு தடவை அளவைப் பார்த்துத் தளர்த்துங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

மயிலிக்கு இப்போது அப்படி ஒன்று வாங்கியிருக்கிறோம். அக்குளில் முடி மறுபடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தத் தெருமுனை வந்தால் மட்டும் இன்னமும் உட்கார்ந்துகொள்கிறாள். நானும் கூடவே நின்று, அவளாக எழும் வரை காத்திருக்கிறேன்.