கராஃப் சர்வரைக் கட்டி மேய்ச்ச ஒன்பது வருஷம்

திருவொத்தியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல எனக்கு ஐடி வேலை. ஐடின்னா மொத்தமே மூணு பேரு, ப்ரின்டர்ல பேப்பர் மாட்டுனாலும் நாங்கதான் போகணும் சர்வர் படுத்தாலும் நாங்கதான் போகணும். 2016ல இருந்து எங்க கேட் என்ட்ரி, பில்லிங், எஸ்எம்எஸ், ரிப்போர்ட்டு எல்லாமே அப்பாச்சி கராஃப்ங்கிற ஜாவா சர்வர் மேலதான் ஓட ஆரம்பிச்சுது. 4.0ல ஆரம்பிச்சு இப்ப 4.4ல நிக்கிறேன். இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு என்ன தோணுதுன்னு எழுதி வைக்கலாம்னு பார்த்தேன், ஏன்னா இது பத்தி தமிழ்ல தேடுனா ஒண்ணுமே சிக்க மாட்டேங்குது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஜாவா ப்ரோக்ராம துண்டு துண்டா ஜார் ஃபைலாக்கி, ஒவ்வொரு ஜாரோட மேனிஃபெஸ்ட்ங்கிற விவரச் சீட்டுலயும் 'எனக்கு இந்த பேக்கேஜ் இந்த வெர்ஷன்ல வேணும், நான் வெளிய இதைத் தர்றேன்'னு எழுதி வச்சா அதுதான் பண்டில். 1999ல ஆரம்பிச்ச ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்போட ஸ்டாண்டர்டு இது. இந்த பண்டில்கள ஏத்தி ஓட்டுற சர்வர்தான் கராஃப். நாலஞ்சு பண்டில ஒண்ணா கட்டினா ஃபீச்சர். ஒரு பண்டில் கேட்டது கிடைக்கலன்னா 'இன்ஸ்டால்டு'ன்னு வாசல்லயே நிக்கும், கிடைச்சா 'ரிசால்வ்டு', ஓட ஆரம்பிச்சா 'ஆக்டிவ்'. எங்க கேட்ல பேப்பர் சரியில்லாத டிரெய்லர உள்ள விடமாட்டாங்கல்ல, அதே கதைதான்.

நாங்க இதை எடுத்ததுக்கு ஒரே காரணம், சர்வர நிறுத்தாம ஒரு துண்ட மட்டும் மாத்தலாம்னு சொன்னாங்க. யார்டுக்கு ராத்திரி பகல் கிடையாது, வண்டி வந்துட்டே இருக்கும். அது பொய்யும் இல்ல. 2017 ஜூன் 30 ராத்திரி பன்னெண்டு மணிக்கு 15 பர்சன்ட் சர்வீஸ் டாக்ஸ் போய் 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வந்துச்சுல்ல, அன்னிக்கு பில்லிங் பண்டில மட்டும் அப்டேட் கமாண்ட் போட்டு மாத்துனேன், கேட் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. பண்டில்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற ப்ளூபிரின்ட் முறைல எழுதுனதால பில்லிங் சர்வீஸ் காணாமப் போன அந்த கொஞ்ச நேரம் கேட் பண்டில் எரர் அடிக்காம காத்துட்டு இருக்கும், டீஃபால்டா அஞ்சு நிமிஷம் வரைக்கும் காத்திருக்கும். பக்கத்துல நின்ன மேனேஜர் "அவ்ளோதானா?"ன்னு கேட்டாரு. அவ்ளோதான் சார்னேன். அன்னிக்கு இருந்த கெத்து அதுக்கப்புறம் எனக்கு வரவே இல்ல.

ஏன்னா அடுத்த மாசமே வாங்கிக் கட்டிக்கிட்டேன். கராஃப்ல டிப்ளாய்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, ஜார அதுல போட்டா தானா இன்ஸ்டால் ஆயிடும். சோக்கா இருக்கேன்னு எல்லாத்தையும் அதுலயே கொட்டிட்டு இருந்தேன். ஒரு நாள் ரேட் கார்டு பண்டில்ல புது வெர்ஷன் போட்டேன், பழைய ஜார எடுக்க மறந்துட்டேன். ரெண்டுமே ஆக்டிவ், லிஸ்ட்ல ரெண்டும் பச்சையா நிக்குது, ஆனா பில்லுல பழைய ரேட்டே வருது. ரெண்டு மணி நேரம் மண்டைய உடைச்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான் புரிஞ்சது, ஒரே சர்வீஸ ரெண்டு பண்டில் குடுத்து ரேங்கிங்கும் சமமா இருந்தா முதல்ல பதிஞ்சதுக்குத்தான் முன்னுரிமை. அதாவது பழசுக்கு. டெமோ காட்ட டிப்ளாய் ஃபோல்டர் நல்லா இருக்கும், லைவ்ல அந்தப் பக்கமே போகாதீங்க.

அடுத்தது ரிஃப்ரெஷ், கராஃப்ல எனக்குப் பெரிய கடுப்பே இதுதான். 2019ல ஒரு நாள் காலைல பதினோரு மணி, எஸ்எம்எஸ்க்கு ஒரு குட்டி ஃபீச்சர் இன்ஸ்டால் பண்ணேன். கேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என்டர் தட்டுன அடுத்த செகண்டு நான் கமாண்ட் அடிச்சுட்டு இருந்த எஸ்எஸ்எச் கன்சோலே கட் ஆயிடுச்சு. என்னன்னா, ஏற்கெனவே ஓடிட்டு இருந்த சில பண்டில் ஒரு பேக்கேஜ 'இருந்தா குடு, இல்லாட்டி பரவால்ல'ன்னு ஆப்ஷனலா கேட்டு வச்சிருக்கும், நான் போட்ட ஃபீச்சரோட அந்த பேக்கேஜ் உள்ள வந்ததும் கராஃப் 'அடடே வந்துடுச்சே'ன்னு அது எல்லாத்தையும் நிறுத்தி திரும்ப வயரிங் போட ஆரம்பிச்சிடுச்சு, அதைப் புடிச்சுத் தொங்கிட்டு இருந்ததெல்லாம் சேர்ந்து விழுந்துச்சு, அதுல கேட்டும் ஒண்ணு. கேட் செக்யூரிட்டி அண்ணன் போன் பண்றாரு, "இன்னா தம்பி, மிஷினு அப்டியே நிக்குது, வண்டி ஹைரோடு வரிக்கும் பூடுச்சுப்பா". நாலு நிமிஷம்தான், ஆனா எண்ணூர் போற ரூட்டுல டிரெய்லர் லைன் எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்கு அந்த நாலு நிமிஷம் தெரியும். இப்பல்லாம் ஃபீச்சர் இன்ஸ்டால்ல முதல்ல சிமுலேட் ஆப்ஷன் போட்டு எதெல்லாம் ஆடப்போகுதுன்னு பார்த்துட்டுத்தான் நிஜமா தட்டுறது.

லாக் எழுதுற ஜாவா லைப்ரரி லாக்ஃபோர்ஜேல (Log4j) பெரிய பாதுகாப்பு ஓட்டைன்னு 2021 டிசம்பர்ல பிரச்சினை வந்தப்ப எல்லாரும் அலறிட்டு இருக்காங்க, நான் கொஞ்சம் தெனாவட்டா இருந்தேன். கராஃப்ல லாக்கிங் மொத்தமும் பாக்ஸ் லாக்கிங்னு ஒரே இடத்துலதான், அதை மாத்துனா முடிஞ்சுது. மாத்தியும் விட்டேன். அப்புறம் எதுக்கும் பார்ப்போமேன்னு ஜார் ஃபைல் ஒவ்வொண்ணா பிரிச்சா, ரிப்போர்ட் பண்டிலுக்குள்ள இன்னொரு லாக்ஃபோர்ஜே ஜார் பொதிஞ்சு கெடக்கு. மேனிஃபெஸ்ட் சண்டை போட சோம்பேறித்தனப்பட்டு என்னிக்கோ நானே உள்ள திணிச்சது. பண்டில் லிஸ்ட் உள்ள பொதிஞ்சதை எல்லாம் காட்டாது. இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. அதே மாதிரி சும்மா லிஸ்ட் கமாண்ட் போட்டா ஸ்டார்ட் லெவல், அதாவது எது முதல்ல எழணும்ங்கிற வரிசை நம்பர், 50க்கு கீழ இருக்கிறதையும் காட்டாது, எல்லாம் பார்க்கணும்னா 'எல்ஏ'ன்னு ரெண்டெழுத்து போடணும்.

இப்ப மெயின் மேட்டர். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க பக்கம் தண்ணி வந்துச்சு, வெறும் தண்ணியும் இல்ல, மணலி எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்து வந்த அந்த கலீஜ் தண்ணி. சர்வர் மாடில இருந்ததால தப்பிச்சுது, ஆனா கரண்டு போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து பொட்டுனு அணைஞ்சுடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஜெனரேட்டர்ல ஏத்துனா கராஃப் எழுந்திருக்கவே மாட்டேங்குது, ஏத்துன பண்டில்கள அது சேர்த்து வச்சிருக்கிற கேஷ் (cache) கெட்டுப் போச்சு. இதுக்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், டேட்டா ஃபோல்டர அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணு. அழிச்சேன். சூப்பரா எழுந்துச்சு. பாதி அப்ளிகேஷன காணோம்.

காரணம் இதுதான், பூட் ஃபீச்சர்னு கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வச்சது மட்டும்தான் திரும்ப வரும், கன்சோல்ல உக்காந்து ஏழு வருஷமா கையால இன்ஸ்டால் பண்ணதெல்லாம் அந்த டேட்டா ஃபோல்டர்லதான் இருந்துச்சு. ஜார் ஃபைல் எல்லாம் மேவன் ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு, ஆனா பில்லிங்ல மட்டும் பதினோரு வெர்ஷன் கெடக்கு, எது கடைசியா லைவ்ல ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? லாக்ல பார்க்கலாம்னா லாக் ஃபைலும் அதே டேட்டா ஃபோல்டருக்குள்ளதான், அதையும் சேர்த்துத்தான் அழிச்சுட்டேன். அதுக்குள்ள இருக்கிற கேஷ் ஃபோல்டர மட்டும் அழிச்சிருக்கணும். நெட்டும் இல்ல, ராயபுரத்துக் கூட்டாளிக்கு போன் அடிச்சா டவரும் இல்ல. கடைசில அவன் வாட்ஸாப்ல நவம்பர் மாசம் வேற ஒரு எரர் கேட்க நான் அனுப்புன போட்டோ ஒண்ணு என் போன்லயே கெடந்துச்சு, ஸ்க்ரீன செல்போன்ல சாய்வா எடுத்தது, அதுல பண்டில் லிஸ்ட் முக்கால்வாசி தெரியுது. அதை பெருசாக்கிப் பார்த்துப் பார்த்து ஒண்ணொண்ணா ஏத்துனேன். மறைஞ்சு போன கால்வாசிக்கு குத்துமதிப்புதான்.

அதுக்கப்புறம் கன்சோல்ல கை வைக்கிறதே இல்ல. என்னென்ன பண்டில், என்னென்ன வெர்ஷன் எல்லாம் ஒரே ஃபீச்சர் ஃபைல்ல, அது கிட்ல (Git), யார் எப்ப என்ன மாத்துனாங்கன்னு அதுல கணக்கு இருக்கும். அதுல இருந்து கேஏஆர் ஃபைல் ஒண்ணு கட்டுறோம், ஜார் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும், நெட்டு தேவையில்ல. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல டிராஃபிக் கம்மியா இருக்கிறப்ப பழைய கேஷ அழிச்சுட்டு எழுப்புற க்ளீன் ஸ்டார்ட் போட்டுத்தான் புது வெர்ஷன் ஏத்துறோம். ஆமா, நிறுத்தாம மாத்தலாம்னு எடுத்த சர்வர இப்ப நிறுத்தித்தான் மாத்துறேன், சிரிக்காதீங்க. ஒன்றரை நிமிஷத்துல எழுந்துடுது, எல்லாரும் நிம்மதியா தூங்குறாங்க.

அப்புறம் ஏன் இன்னும் வச்சிருக்கேன்னா அந்த வாசல் செக்கிங்குக்காகத்தான். 2022ல இ-இன்வாய்ஸ் சேர்த்தப்ப ஜேசன் லைப்ரரி ரெண்டு வெர்ஷன் மோதிக்கிச்சு, கராஃப் ஸ்டார்ட்லயே முடியாதுன்னுடுச்சு. அந்த எரர் மெசேஜ் படிக்கிறது பெரிய பேஜாரு, அரை பக்கத்துக்கு ஒரே வாக்கியமா வரும். ஆனா வேற சர்வரா இருந்தா அது பேசாம ஏறியிருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வண்டிக்கு பில் போடறப்ப வெடிச்சிருக்கும்.

புதுசா சேர்ந்த பையன் "ஏன்ண்ணா இதைப் போட்டு மாரடிக்கிறீங்க, டாக்கர்ல தனித்தனியா போட்டுடலாமே"ன்னு கேட்டான், ஒவ்வொரு அப்ளிகேஷனையும் தனித்தனி டப்பால அடைச்சு ஓட்டுறதுதான் டாக்கர். நியாயமான கேள்விதான். எஸ்எம்எஸ்ஸும் ரிப்போர்ட்டும் அவன் கையில குடுத்து ஸ்ப்ரிங் பூட்ங்கிற வேற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல மாத்தியாச்சு, நல்லாவே ஓடுது. மூணு பேரு இருக்கிற டீம் இன்னிக்குப் புதுசா ஆரம்பிச்சா கராஃப் எடுன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்டும் பில்லிங்கும் மட்டும் இப்போதைக்கு அதுலயே இருக்கட்டும்னு வச்சிருக்கேன், அடுத்து ஜாவா 17க்குத் தூக்கணும், பொங்கல் லீவுல பார்க்கணும்.