நாக்கு வழிப்பான்: உலோகத்தைப் பிறகு பாருங்கள், முதலில் விளிம்பைத் தடவுங்கள்

மருந்துக்கடை, பாத்திரக்கடை, இணையக் கடை எங்கே தேடினாலும் டங் கிளீனர் பெரும்பாலும் நான்கு வகைதான். லாட வடிவில் வளைத்த செம்புத் தகடு, அதே வடிவில் எவர்சில்வர் தகடு, ஒற்றைக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக், பல் பிரஷ்ஷின் முதுகில் இருக்கும் ரப்பர் வரிகள். அட்டையில் உலோகத்தைப் பற்றித்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குகிறவரும் செம்பா எவர்சில்வரா என்றுதான் கேட்கிறார். நாக்கில் படும் விளிம்பு எப்படி இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. விளிம்பு நன்றாக அமைந்த மலிவான எவர்சில்வர் தகடு, பிசிறு நிற்கும் விலையுயர்ந்த செம்பைவிட எவ்வளவோ மேல்.

நாக்கின் மேல்தோல் முழுக்க, பூத்துவாலையில் நூல் நிற்பதுபோல், நுண்ணிய இழைமொட்டுகள் நிற்கின்றன. இவற்றில் சுவை அரும்புகள் கிடையாது. இவற்றின் இடுக்கில் உதிர்ந்த செல்கள், உணவுத் துணுக்குகள், எச்சில் புரதம், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து படிவதைத்தான் நாக்கில் மாவு படிந்திருக்கிறது என்கிறோம். நாக்கின் பின்பகுதியில் காற்றுப்படாமல் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. வாய் நாற்றத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே நல்ல வழிப்பானுக்கு இரண்டு வேலை: படிவை அள்ளி எடுக்க வேண்டும், இழைகளை அறுக்காமல் விட வேண்டும்.

பழைய நூல்கள் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. தங்கம், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளை ஆகியவற்றில் எதிலும் செய்யலாம், ஆனால் கூர்மை இருக்கக்கூடாது, வளைந்திருக்க வேண்டும் என்பது சரக சம்ஹிதை. மென்மையும் வழவழப்பும் வேண்டும், பத்து விரற்கடை நீளம் வேண்டும் என்பது சுஷ்ருத சம்ஹிதை. அதில் உலோகத்தோடு மரமும் உண்டு. நம் ஊரில் வேப்பங்குச்சியால் பல் தேய்த்த பிறகு அதையே இரண்டாகக் கிழித்து, வளைத்து நாக்கை வழிப்பார்கள். ஈரநார் நாக்கின் வளைவுக்கு இணங்கி வளையும், ஒரு தடவையோடு தூக்கி எறிந்துவிடலாம். இன்றைய பிளாஸ்டிக் வழிப்பான்களில் பலவற்றுக்கு இந்த இணக்கம் இல்லை.

இனி வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை. தகட்டை அச்சில் வைத்து வெட்டும்போது ஒரு பக்க விளிம்பில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து உருட்டிவிடுவது தனி வேலை, விலை குறைந்த சரக்கில் அந்த வேலைதான் முதலில் விடுபடும். கண்ணுக்குத் தெரியாத பிசிறைக் கண்டுபிடிக்க ஒரு சிட்டிகைப் பஞ்சு போதும். அதை விளிம்பின் மேல் மெதுவாக இழுங்கள். ஒரு நார் மாட்டினாலும் அந்தத் தகடு வேண்டாம். நாக்கில் வருவது மேலிருக்கும் விளிம்பா, கீழிருக்கும் விளிம்பா என்று பார்க்காமல் இரண்டையும் சோதியுங்கள், பிடிக்கிற பக்கம் மாறினால் படுகிற விளிம்பும் மாறும். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் 600 நம்பர் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பின் நீளவாக்கில் நாலைந்து தடவை தேய்த்தால் பிசிறு போய்விடும். முலாம் பூசியதைத் தேய்க்கவே கூடாது, உள்ளே இருக்கும் உலோகம் வெளியே வந்துவிடும்.

செம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தையில் அதிகம் பேசப்படுவது அதுதான். செம்பு பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் செம்புக் கலவைகளைக் கிருமிநாசினிப் பரப்புகளாகப் பதிவுசெய்தது. அந்தப் பதிவில் கிருமி சாவதற்குச் சொல்லப்படும் கால அளவு 2 மணி நேரம். வழிப்பான் நாக்கில் படுவதோ சில நொடிகள். ஆகவே செம்பால் சுத்தமாக இருப்பது கருவிதான், நாக்கில் உள்ள கிருமி அந்த உலோகத்தால் சாகிறது என்று எண்ணி வாங்க வேண்டாம். ஈரமான குளியலறையில் தொங்குகிற பொருளுக்கு அதுவும் ஒரு நல்ல குணம்தான், மறுப்பதற்கில்லை.

செம்பின் இன்னொரு நல்ல குணம், மிருதுவாக வளையும். உங்கள் வாயின் அகலத்துக்கு ஏற்ப வளைவை ஒருமுறை விரித்தோ குறுக்கியோ வைத்துக்கொள்ளலாம். ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளைக்க வளைக்கச் செம்பு இறுகும், இறுகியது ஒருநாள் வளைவில் விரிசல் விடும். தகடு 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இருந்தால் இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும், விளிம்பும் கீழே விழுந்தால் சொட்டையாகும். சொட்டை விழுந்த இடம் நாக்கைக் கீறும்.

பழுப்பு நிறம் படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பச்சைக் களிம்பு கண்டால் மட்டும் விளக்காமல் வாயில் வைக்கக்கூடாது. நெல்லிக்காய் அளவு புளி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஓர் அரை நிமிடத் தேய்ப்பு, நல்ல தண்ணீரில் அலசி உடனே துடைப்பு. அவ்வளவு போதும். ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் செம்புதான் கரையும். அட்டை சொல்வதுபோல் வெறும் செம்பா, முலாமா என்று தெரிய வேண்டுமானால் கைப்பிடி நுனியில் ஊசியால் ஒரு சிறு கீறல் போடுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் இரும்பின் மேலோ வேறு உலோகத்தின் மேலோ பூசியது. காந்தம் ஒட்டினாலும் செம்பில்லை. வில்சன் நோய் உள்ளவர்களுக்கு உடலில் செம்பு சேரும், அவர்களுக்கு எவர்சில்வர்தான்.

எவர்சில்வர் தகட்டுக்குப் பராமரிப்பே கிடையாது. கொதிநீரில் போடலாம், புளி வேண்டாம், வளைத்தாலும் தன் வடிவுக்குத் திரும்பும். 304 தரம் என்று பொறித்திருந்தால் நல்லது. காந்தத்தால் மட்டும் தரத்தைத் தீர்மானிக்க முடியாது: நிக்கல் குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. குறை என்னவென்றால், விறைப்பு. நாக்கின் வளைவுக்கு இணங்காமல் நடுவில் மட்டும் அழுத்தும். தகட்டுக்குப் பதிலாகக் கம்பியை வளைத்துச் செய்ததும் கிடைக்கிறது. அதன் உருண்டை விளிம்பு யாருக்கும் கீறல் போடாது, ஆனால் கெட்டியான படிவை அள்ளாமல் வழுக்கிப் போகும். முதல்முறை பழகுகிறவர்களுக்கு அது ஏற்றது. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், விளிம்பு உருட்டிய எவர்சில்வர் தகடுதான் எங்கள் முதல் தேர்வு.

பிளாஸ்டிக், பயணத்துக்கு மட்டும். அச்சு இணையும் கோடு விளிம்பிலேயே விழுந்திருந்தால் அது மெல்லிய கத்திதான். கொதிநீரில் வளைந்துபோகும், 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிரஷ் முதுகு வரிகள் படிவை எடுப்பதைவிட அதிகம் பரப்புகின்றன, தலை தடிமனாக இருப்பதால் குமட்டலும் கூடுதல்.

பிரஷ்ஷா தகடா என்பதற்கு ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஒப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006-ம் ஆண்டுத் தொகுப்பில், மொத்தம் 40 பேரை வைத்துச் செய்த இரண்டு சோதனைகள் அலசப்பட்டன. அவற்றில் ஒன்றில் கந்தக வாயு, இரண்டு வகை வழிப்பான்களால் 42 சதவீதமும் 40 சதவீதமும் குறைந்தது, பல் பிரஷ்ஷால் 33 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, மலையளவு இல்லை. அந்தக் குறைவும் 30 நிமிடத்துக்கு மேல் நீடித்ததாகத் தெரியவில்லை. ஆகவே உடல் நச்சை நீக்கும், செரிமானத்தைத் திருத்தும் என்று அட்டை சொல்வதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. காலை வாய்ச் சுத்தத்துக்கும் நாக்கில் ருசி துலங்குவதற்கும் வாங்குங்கள்.

பயன்படுத்தும் விதம் தெரியாவிட்டால் எந்தத் தகடும் வீண். வெறும் வயிற்றில், பல் துலக்கிய பிறகு, நாக்கை வெளியே நீட்டி, பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. நாலைந்து இழுப்பு போதும், ஒவ்வொன்றுக்கும் இடையே தகட்டைக் கழுவுங்கள். கைப்பிடிகளை உயர்த்தினால் வளைவின் நடுப்பகுதி அழுந்தும், தாழ்த்தினால் ஓரங்கள் படும். படிவு தடிப்பது பெரும்பாலும் நடுவில் என்பதால் முதல் இரண்டு இழுப்பு உயர்த்தியும், பிறகு தாழ்த்தியும் செய்யுங்கள். விறைப்பான எவர்சில்வரின் குறையை இந்தச் சாய்வே சரிக்கட்டிவிடும்.

குமட்டினால் வாயால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுங்கள். முதல் வாரம் நாக்கின் நடுவிலிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் பின்னால் போகலாம். நாக்கின் மேற்பரப்பில் பின்கோடியில் ஆங்கில வி எழுத்துபோல வரிசையாக 8 முதல் 12 மொட்டுகள் தெரியும். அவை கட்டியல்ல, எல்லோருக்கும் உள்ள பெரிய சுவைமொட்டுகள். அந்த வரிசை தகட்டுக்கு எல்லை, அதைத் தாண்ட வேண்டாம். மெல்லிய வெள்ளைப் பூச்சு இயல்பானது, நாக்கு சிவக்கும்வரை சுரண்டுவதும் ரத்தம் தெரிவதும் அழுத்தம் அதிகம் என்பதற்கு அடையாளம். வாய்ப்புண் இருக்கும் நாட்களில் தகட்டைத் தொங்கவே விடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். வழித்தால் வரும் வெள்ளை வேறு, வராத வெள்ளை வேறு. வழித்தபின் அடியில் சிவந்து எரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எவ்வளவு வழித்தாலும் அகலாத வெள்ளைத் திட்டு, குறிப்பாகப் புகையிலை, பாக்கு போடுகிறவர்களுக்கு, புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டு வாரத்தில் மறையாத திட்டையோ புண்ணையோ மேலும் சுரண்டாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், புகையிலை எத்தனை வருடப் பழக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.