ஃபோர்டு 200 சிக்ஸ் ஹெட்: அடாப்டர், டைரக்ட் மவுண்ட் பிளேட், போர்ட் டிவைடர் – எது காசுக்குத் தகும்?

அமெரிக்க ஃபோர்டின் சின்ன சிக்ஸ் (ஆறு சிலிண்டர்) இன்ஜின்களில், அதாவது 144, 170, 200, 250 கன அங்குல வரிசையில், இன்டேக் மேனிஃபோல்டை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. 1960 ஃபால்கனில் வந்ததிலிருந்தே ஹெட்டும் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. ஹெட்டோடு ஒட்டி நீளவாக்கில் ஓடும் அந்தக் குழாயை ‘லாக்’ என்பார்கள். அதன் நடுவில் ஒரு ஓட்டை, மேலே ஒற்றை பேரல் (காற்று இறங்கும் குழல்) கார்பரேட்டர், ஆறு சிலிண்டரும் அதிலிருந்துதான் மூச்சு வாங்க வேண்டும். இதைச் சரிக்கட்டச் சந்தையில் முக்கியமாக மூன்று சாமான் கிடைக்கின்றன: போல்ட் போட்டு மாட்டும் இரட்டை பேரல் அடாப்டர், லாக்கைச் சீவி உட்காரவைக்கும் டைரக்ட் மவுண்ட் பிளேட், எக்ஸாஸ்ட் போர்ட் டிவைடர்.

முதலில் இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்துவிடலாம். கன அங்குலத்தை ஆர்.பி.எம்மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று கிடைக்கும். 200 இன்ஜின் 5000 ஆர்.பி.எம்மில் 289. சிலிண்டர் 80 சதவீதம்தான் நிரம்புகிறது என்று வைத்தால் 231. மோட்டார்கிராஃப்ட் 2100 என்ற இரட்டை பேரல் கார்பரேட்டரில் 1.08 அங்குல வென்ச்சுரி (பேரலின் ஒடுங்கிய கழுத்து) உள்ளது 287 சி.எஃப்.எம் (நிமிடத்துக்குக் கன அடி) என்று கணக்கு, ஆகவே போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒற்றை, இரட்டை பேரல்களுக்கான அளவு 3 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசத்தில் எடுப்பது, நான்கு பேரலுக்கு 1.5 அங்குலம். நான்கு பேரல் கணக்கில் சொன்னால் அதே 287 சுமார் 203-தான். விளம்பரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

இனி அடாப்டர். மாட்ட அரை மணி நேரம், ஹெட்டைக் கழற்ற வேண்டாம், அதனால்தான் அதிகம் விற்கிறது. ஆனால் 1.08 அங்குல வென்ச்சுரி இரண்டின் பரப்பு 1.83 சதுர அங்குலம். ஆரம்ப கால ஹெட்டில் ஓட்டை சுமார் 1.5 அங்குலம், பரப்பு 1.77. மேலே எவ்வளவு பெரிய கார்பரேட்டர் வைத்தாலும் கழுத்து கீழேதான் இருக்கிறது. அதோடு இரண்டு பேரலிலிருந்து இறங்கும் காற்று அடாப்டருக்குள் உள்நோக்கி மடங்கி, விளிம்பில் மோதித்தான் லாக்குக்குள் போகிறது. பெட்ரோல் துளிகள் அந்தப் படியில் படிந்து சொட்டும், ஐடிலிங் தடுமாறும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திணறும். பிற்கால பெரிய லாக் ஹெட்டில் ஓட்டை 1.75 அங்குலம் என்பதால் கொஞ்சம் தேவலை. இருந்தாலும் கார்பரேட்டர் உயர்ந்து ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கும். என் கணக்கில் இது வீண்செலவு.

டைரக்ட் மவுண்ட் பிளேட்தான் வேலைக்கு ஆகும். ஆனால் இது ஹெட்டைக் கீழே இறக்கி, வால்வு எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான். வண்டியில் வைத்தே அறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இரும்புத் துருவல் லாக்கின் மூலையில் ஒளிந்திருந்து பிறகு வால்வு சீட்டில் போய் உட்காரும்.

மில்லிங் மெஷினில் கார்பரேட்டர் மேடையைச் சீவுவதற்கு முன் லாக் கூரையின் கனத்தை அளந்தே ஆக வேண்டும். எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் பகுதிக்குள் ஒரு சின்ன ஓட்டை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டு அளந்தால் தெரிந்துவிடும். வார்ப்பு எல்லா ஹெட்டிலும் ஒரே மாதிரி இருக்காது. வார்க்கும்போது உள்குழிவுக்கு வைக்கும் மணல் அச்சு (கோர்) கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் மெலிந்திருக்கும், பிளேட் ஸ்க்ரூவுக்கு மரை பிடிக்காது. அப்படிப்பட்ட ஹெட்டில் மேலே பிரேசிங் போட்டு மேடு கட்டிய பிறகுதான் சீவ வேண்டும்.

இரண்டு பேரலும் லாக்கின் நீளவாக்கில் வரும்படி வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஒரு பேரல் சுவரைப் பார்த்து நிற்கும். கீழே தனித்தனியாக இரண்டு வட்டம் போடாமல் நடுச் சுவரையும் எடுத்து ஒரே நீள்வட்டமாகத் திறப்பது நல்லது, ஆறு சிலிண்டருக்கும் இரண்டு பேரலும் கிடைக்கும். வெட்டிய பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: 3, 4-ஆம் சிலிண்டர் போர்ட் லாக்கிலிருந்து திரும்பும் இடத்தில் கத்தி முனை போல ஒரு விளிம்பு நிற்கும். நீளத் தண்டு கார்பைடு பர் கொண்டு அதை உருட்டிவிட வேண்டும். 1, 6 பக்கம் கை எட்டாது, அதை விட்டுவிடலாம்.

பிளேட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களை லாக்டைட் போட்டு இறுக்கி, முனை உள்ளே நீட்டாதபடி வெட்டிவிட வேண்டும். ஒன்று கழன்றாலும் நேரே வால்வுக்குத்தான் போகும். சுற்றிலும் பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி. ஓடவிட்ட பிறகு விளிம்பில் கார்ப் கிளீனர் தெளித்து, ஐடிலிங் மாறினால் காற்று கசிகிறது என்று அர்த்தம்.

இது தீர்க்காத குறை ஒன்று உண்டு. லாக் நீளம் என்பதால் 1, 6 சிலிண்டர்கள் எப்போதும் கொஞ்சம் லீனாகத்தான் (பெட்ரோல் குறைந்துதான்) ஓடும். ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) பார்க்கும்போது நடு பிளக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஓரத்துப் பிஸ்டன் அடிவாங்கும். ஆறு பிளக்கையும் வரிசையாக வைத்து, ஓரத்தில் உள்ளவை வெளுக்காத அளவுக்கு ஜெட் போட வேண்டும். நடுவில் சற்றுக் கருப்படித்தாலும் பரவாயில்லை.

போர்ட் டிவைடர் 3, 4-ஆம் சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்ளும் நடு எக்ஸாஸ்ட் போர்ட்டில் செருகும் தகடு. ‘ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றுக்குள் போகாமல் தடுக்கும்’ என்று சொல்லி விற்கிறார்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-3-6-2-4. இதில் 3-க்கும் 4-க்கும் இடையே கிராங்க் 360 டிகிரி சுற்றுகிறது. ஒன்று எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் இருக்கும்போது மற்றது கம்ப்ரஷனில் இருக்கும், இரண்டு எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறக்கவே திறக்காது. தகட்டால் வரும் லாபம் வேறு: புகை அகன்ற பொது அறைக்குள் விரிந்து வேகம் இழக்காமல் திரும்பி வெளியேறும். அதுவும் நடு போர்ட்டுக்கு இரட்டைக் குழாய் உள்ள ஹெடர் (தனித்தனிக் குழாய்களாலான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) இருந்தால்தான். பழைய வார்ப்பு மேனிஃபோல்டுக்கு இதை வாங்க வேண்டாம். தகடு கேஸ்கெட் முகத்தைவிடத் துளி உயர்ந்தாலும் புகை கசியும், தொளதொளவென்று இருந்தால் கிலுகிலுக்கும். பற்றவைப்பதானால் ஹெட்டைச் சூடேற்றி நிக்கல் ராட் போட வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும்.

இவை எதையும் வாங்கும் முன் வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, சீட்டுக்குக் கீழே கட்டர் விட்டுவைத்த படியைத் தேய்த்துவிடுங்கள். மலிவான வேலை, பலன் கண்கூடு.

1967 வரை வந்த இன்ஜின்களில் லோட்-ஓ-மேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டரா என்று பார்க்க வேண்டும். அதில் சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸ் (வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்தள்ளும் எடை அமைப்பு) கிடையாது, பழைய ஆட்டோலைட் 1100 கார்பரேட்டர் தரும் வேக்குவம் சிக்னலை நம்பித்தான் ஓடும். 2100 போட்டதும் அந்த சிக்னல் போய்விடும், இழுவை முன்பைவிடக் குறையும், பழி பிளேட் மேல் விழும். 1968-க்குப் பிந்தைய டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது டியூராஸ்பார்க் (ஃபோர்டின் எலக்ட்ரானிக் இக்னிஷன்) போட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட். கம்பெனி ஸ்டீல் ஷிம் கேஸ்கெட் சுமார் 0.025 அங்குலம், இப்போது கிடைக்கும் காம்போசிட் இறுகிய பின் சுமார் 0.050. போர் 3.68 அங்குலம் என்பதால் சிலிண்டருக்கு 4.4 சி.சி. கூடி, கம்ப்ரஷன் ஏறத்தாழ அரைப் புள்ளி இறங்கும். ஹெட் ஏற்கெனவே மெஷினில் இருக்கும்போதே அடிமுகத்தில் 0.025 சீவிவிட்டால், கேஸ்கெட் ஏற்றிய உயரமும் சீவிய உயரமும் சரிக்குச் சரி ஆகிவிடும், பழைய புஷ்ராடே பொருந்தும். அதற்கு மேல் சீவினால், ராக்கரில் அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத ஹைட்ராலிக் இன்ஜினுக்குக் குட்டையான புஷ்ராட் தேட வேண்டியிருக்கும்.