‘கரண்ட் பில்லே வராது’ என்று விற்கும் ஃபேன்-பேட் பாலிஹவுஸ்: சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை

திருப்போரூர் பக்கம் எங்களுக்கு 1008 சதுர மீட்டரில், அதாவது 28-க்கு 36 மீட்டரில், சாலட் வெள்ளரிக்காக ஒரு ஃபேன்-பேட் பாலிஹவுஸ் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு சுவரில் தண்ணீர் ஊறும் பேட், எதிர்ச் சுவரில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் என்று வைத்துக் குளிர்விக்கும் பிளாஸ்டிக் கூரைக் குடில் இது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். வெளியே இருப்பதைவிட உள்ளே 10 டிகிரி குறையும், 5 கிலோவாட் சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராது, பைப் முழுக்க ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று கொட்டேஷனில் எழுதியிருந்தது. மூன்றும் ஏமாற்று. இதே மாதிரி கொட்டேஷன் யார் கொண்டுவந்தாலும் கீழே உள்ளதைச் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 10 டிகிரி. ஈரமான பேட் வழியாக வரும் காற்று எவ்வளவு குளிரும் என்பதை வெட் பல்ப் அளவுதான், அதாவது ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பம்தான், தீர்மானிக்கிறது. நல்ல பேட் வெளி வெப்பத்துக்கும் வெட் பல்புக்கும் உள்ள இடைவெளியில் 80 சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான். மே மாதம் காலை 11 மணிக்கு, கடல்காற்று ஏறுவதற்கு முன், 39 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால் வெட் பல்ப் ஏறக்குறைய 27. அப்போது 9 டிகிரிக்கு மேல் குறையும். டெமோ காட்டுவது அந்த நேரத்தில்தான். கடல்காற்று வந்து 34 டிகிரி, 65 சதவீதம் ஆனதும் வெட் பல்ப் 28-ஐத் தொடும். குறைவது நாலரை டிகிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 29 டிகிரி, 88 சதவீதம் இருக்கும்போது ஒன்றரை டிகிரிகூடக் குறையாது. அந்த நாட்களில் பம்ப் ஓடினால் இலையில் ஈரம் நின்று அடிச்சாம்பல் நோய் வருவதுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய அநியாயம், ‘மூடின குடில்தான் மின்சாரம் மிச்சப்படுத்தும்’ என்று சொல்லி பக்கத் திறப்பும் கூரைத் திறப்பும் வைக்காமல் விட்டது. பேட் உதவாத மாதங்களிலும் ஃபேனை நிறுத்த முடியாது. வெயில் நேரத்தில் கரண்ட் போனால் உள்ளே நிமிஷத்துக்கு நிமிஷம் சூடு ஏறுகிறது, திறந்துவிட ஒரு ஜன்னல்கூட இல்லை. ஜெனரேட்டர் செலவு கொட்டேஷனில் கிடையாது.

அடுத்தது கணக்கு. சராசரி உயரம் 4.5 மீட்டர் என்றால் உள்ளே 4500 கன மீட்டர் காற்று. நிமிஷத்துக்கு ஒரு முறை மாற வேண்டும் என்றால் மணிக்கு 2,70,000 கன மீட்டர். 50 இன்ச் ஃபேன் ஒன்று 40,000 இழுக்கும் என்று பார்த்தால் 7 ஃபேன் வேண்டும். அந்த 40,000-ம் எதிரே தடை எதுவும் இல்லாதபோது அளந்தது. பேடும் வலையும் வந்தால் இன்னும் குறையும். 100 மி.மீ. பேடில் காற்று வேகம் விநாடிக்கு 1.25 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் பேட் 60 சதுர மீட்டர் தேவை. எங்களுக்கு வைத்தது 5 ஃபேன், 28 மீட்டர் சுவரில் 1.2 மீட்டர் உயரப் பேட், அதாவது 34 சதுர மீட்டர்கூட இல்லை. பூச்சி வலையைப் பேடின் மேலேயே ஒட்டவைத்துக் கட்டியிருந்தார்கள். 40 மெஷ் (இன்ச்சுக்கு 40 கண்) வலையில் தூசி அடைத்ததும் ஃபேன் சத்தம் போடுகிறது, காற்று வரவில்லை. பேடுக்கு வெளியே தனிக் கூண்டு அடித்து, பேடைப் போல இரண்டு மடங்கு பரப்பில் வலை கட்டுவதே சரி.

சோலார் கணக்கும் அப்படித்தான். சென்னையில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 20. ஐந்து 1.1 கிலோவாட் ஃபேனும் பம்பும் பத்து மணி நேரம் ஓடினால் 60 யூனிட்டுக்கு மேல்.

தண்ணீரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 7 ஃபேன் ஓடும் குடிலில் காய்ந்த நேரத்தில் மணிக்குச் சுமார் ஆயிரம் லிட்டர் ஆவியாகும். உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். கடலோர போர் தண்ணீரை அப்படியே சுற்றவிட்டால் பேட் மடிப்புகளில் வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. ஓடும்போதே ஒரு பங்கு தண்ணீரை வடித்துவிட வால்வு கேளுங்கள்.

பைப்: ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்ற கணக்கு. 120 ஜிஎஸ்எம் என்பது இரு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம்தான் துத்தநாகம். அதையும் சைட்டில் வெல்டிங் வைத்து எரித்துவிட்டு சில்வர் பெயின்ட் அடித்தார்கள்; உப்புக்காற்றில் முதலில் துருப்பிடித்தது அந்த மூட்டுகள்தான். 2 மி.மீ. பைப், ஹாட் டிப் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது), போல்ட்-கிளாம்ப் இணைப்பு என்று எழுதி வாங்குங்கள், கோட்டிங் மீட்டர் வைத்து அளந்து இறக்குங்கள்.

எங்கள் கருத்தில் சென்னைக்கு ஏற்றது இயற்கைக் காற்றோட்டக் குடில்: பக்கங்களில் வலை, மேற்குப் பார்த்த கூரைத் திறப்பு, திறப்புகள் சேர்ந்து தரைப்பரப்பில் 30 சதவீதமாவது, உள்ளே இழுத்து மூடும் நிழல்வலை. ஃபேன்-பேட்தான் வேண்டும் என்பவர்கள் 20 சதவீதப் பணத்தை மே மாதம் மதியம் 2 மணிச் சோதனை முடியும்வரை நிறுத்திவையுங்கள். இரண்டு தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றி, நிழலில் காற்றுப் படும்படி வைத்தால் அது வெட் பல்ப் காட்டும். பேடை ஒட்டி உள்ளே ஒரு அளவு, ஃபேன் பக்கம் ஒரு அளவு எடுங்கள். பேட் பக்கம் இடைவெளியில் 80 சதவீதம் குறையவில்லை என்றாலோ, ஃபேன் பக்கம் அதைவிட 4 டிகிரிக்கு மேல் ஏறினாலோ சரிசெய்துகொடுத்த பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.