எட்டு வாரம் ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் கிளாஸ் போனேன், காசுக்கு வொர்த்தா?

ஃபைனல் இயர் படிக்கற ஜூனியர்ஸ் நிறைய பேர், வெளிநாட்டுல படிக்க எழுதற இங்கிலீஷ் டெஸ்ட் ஐஇஎல்டிஎஸ்ல ரைட்டிங் பகுதிக்கு எங்க போலாம்னு கேட்டுட்டே இருக்காங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். நான் போனது திருச்சில ஒரு மாடி ரூம்ல நடக்கற சின்ன சென்டர். ஒரே ஒரு சார், பேட்ச்ல 18 பேர், எட்டு வாரம், 6500 ரூபா. குறையும் சொல்லப் போறதால பேர் போடல.

இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல ஒரு மாசம் போனேன். அங்க டெம்ப்ளேட் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க, எந்த டாபிக் வந்தாலும் ஆரம்பம் அதே ரெண்டு வரி, நடுவுல டாபிக் பேர மட்டும் மாத்திப் போடணும். எனக்கு அப்ப அது தப்பாவே தெரியல, ஏன்னா பன்னெண்டாவது வரைக்கும் நோட்ஸ் பாத்து கட்டுரைய உருப்போட்டு, காலேஜ் இங்கிலீஷ் பேப்பர்லயும் எட்டு ரெகமண்டேஷன் எட்டு இன்ஸ்ட்ரக்ஷன்னு நெட்டுரு பண்ணியே பாஸ் ஆனவன் நான். மூணு மாக் டெஸ்ட்லயும் ரைட்டிங் பேண்ட், அதாவது 9க்கு எவ்ளோங்கற மார்க், 5.5 லயே நின்னுச்சு. ஏன்னு கேட்டா வொக்காபுலரி இம்ப்ரூவ் பண்ணுங்கன்னு மட்டும் சொன்னாங்க.

இந்த சார் முதல் வாரம் எங்கள எழுதவே விடல, திருத்த விட்டார். மார்க் எப்படிப் போடுவாங்கன்னு ஐஇஎல்டிஎஸ் தரப்புலயே பேண்ட் டிஸ்கிரிப்டர்னு ஓப்பனா வெளியிட்டிருக்காங்க, அத பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தார். கேட்ட கேள்விக்கு பதில் சொல்லிருக்கா, கருத்து கோர்வையா போகுதா, வார்த்தை, கிராமர், இந்த நாலு தான், நாலுக்கும் சம மார்க். அப்பறம் பழைய பேட்ச்ல யாரோ எழுதின கட்டுரைய பேர மறைச்சு குடுத்தார். பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சு, நான் 7 போட்டேன், சார் போட்டிருந்தது 5.5. கேள்விய பக்கத்துல வச்சுக்கிட்டு திரும்பப் படிப்பான்னார். படிச்சா, கேட்டதுக்கு பதிலே இல்ல. நான் இத்தன நாளா எழுதினதும் இதே தானேன்னு அன்னைக்கு தான் உறைச்சுது.

என் முதல் கட்டுரை, காலேஜ் படிப்ப எல்லாருக்கும் இலவசமா குடுக்கணுமாங்கற டாபிக். கல்வி சமுதாயத்துக்கு மிக முக்கியம்ங்கற மாதிரி ஒரு பாரா எழுதிருந்தேன். சார் சிவப்பு பேனா எடுக்கல, பென்சிலால அந்தப் பாராவ சுத்தி ஒரு கட்டம் போட்டு, "இத எடுத்துட்டா கட்டுரைல என்ன குறையும்?"னு ஓரத்துல எழுதிருந்தார். ஒண்ணும் குறையாது. அப்பறம் கூப்ட்டு, உன் வீட்ல ஃபீஸ் எப்படிப்பா கட்னீங்கன்னு கேட்டார். எங்க வீட்ல நான் தான் முதல் பட்டதாரி, அந்தச் சலுகைல டியூஷன் ஃபீஸ் குறைஞ்சுது, ஆனா ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் அம்மா கம்மல் அடகுக்குப் போச்சுன்னேன். "அத எழுது"ன்னார். ஃபீஸ மட்டும் இலவசமாக்கினா போதாது, தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் வழி பண்ணணும்னு என் பாரா மாறுச்சு. அதே கட்டுரைய நாலு தடவ எழுத வச்சார், புதுசா இருபது கட்டுரை எழுதிருந்தாலும் எனக்கு இவ்ளோ வந்திருக்காதுன்னு உறுதியா சொல்லுவேன்.

குறைகளும் இருக்கு. 18 பேர் பேப்பர ஒருத்தரே திருத்தறதால திரும்ப வர பத்து நாள் ஆகும், அதுக்குள்ள நான் என்ன யோசிச்சு எழுதினேன்னே மறந்துடும். எல்லாமே பேப்பர்ல கையால தான். நான் எழுதினது கம்ப்யூட்டர் டெஸ்ட், அதுல கீழயே வேர்ட் கவுன்ட் காட்டும், டைப்பிங் ஸ்பீட் இல்லாம 60 நிமிஷத்துல ரெண்டு டாஸ்க்கயும் முடிக்கறது கஷ்டம், அந்த ப்ராக்டிஸ் நான் தனியா ஃப்ரெண்ட் லேப்டாப்ல பண்ணிக்கிட்டேன். 150 வார்த்தைல எழுதற டாஸ்க் ஒன்னுக்கு ரெண்டே கிளாஸ் தான். கட்டுரை எழுதற டாஸ்க் டூக்கு ரெண்டு மடங்கு வெயிட்டேஜ் இருக்கறதால அதுலயே இருக்கார், நியாயம் தான், ஆனா டாஸ்க் ஒன்ல ரெண்டு மேப் குடுத்து மாற்றத்த விவரிக்கச் சொல்ற கேள்விய நானே தான் படிச்சுக்கிட்டேன். கிராமர் அடிப்படையே தகராறுன்னா இந்த கிளாஸ் செட் ஆகாது, அத வேற எங்கயாவது முடிச்சுட்டுப் போங்க.

எனக்கு எக்ஸாம்ல ரைட்டிங் 6.5 வந்துச்சு, நான் அப்ளை பண்ண கோர்ஸுக்கு எந்த பேண்டும் 6க்கு கீழ இருக்கக் கூடாது. அஞ்சுக்கு நாலு ஸ்டார் தருவேன். இது மாதிரி எந்த கிளாஸ்ல சேரறதா இருந்தாலும் காசு கட்றதுக்கு முன்னாடி அவங்க திருத்தின பேப்பர் ஒண்ணக் காட்டச் சொல்லுங்க, ஓரத்துல வெறும் மார்க் மட்டும் இருக்கா, கேள்வி இருக்கான்னு பாருங்க.